ஸ்தனிஸ்லாஸின் காது

பாலக்கரையில் ஸ்தனிஸ்லாஸின் பட்டறைக்கு வருகிறவர்கள் வண்டியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஸ்டார்ட் செய்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சற்று நேரத்தில் ‘பேரிங்’ என்றோ ‘வால்வு’ என்றோ ஒரு சொல் வரும். வருஷக்கணக்காக அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்தக் காதின் மேல்தான் கொஞ்ச நாளாக அவருக்குச் சந்தேகம். குக்கர் விசிலடித்து ஓய்ந்த பிறகு, மனைவி பாக்கியமேரி கொல்லையிலிருந்து ஓடிவருவாள். “பக்கத்துலயேதானே உக்காந்திருக்கீங்க? அடுப்ப அணைச்சா கை தேஞ்சுடுமா?” பேப்பரில் மூழ்கிவிட்டதாகச் சொல்வார். பேச்சு கேட்டது, ஹார்ன் கேட்டது, சகாய மாதா கோயில் மணி கேட்டது. மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருந்தன. போகிற சத்தம் சொல்லிக்கொண்டு போவதில்லை. அது இருந்த இடம் காலியானதுகூட நமக்குத் தெரிவதில்லை.

அந்த நேரத்தில்தான் மருதையின் அம்பாசிடர் திரும்பி வந்தது. மருதை திருவெள்ளறைக்காரன். ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவர்களைத் தன் ஊர்ப் பெருமாளைச் சேவிக்க ஏற்றிப்போகிறவன். விபத்தில் நொறுங்கிய வேறொரு காரின், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த டீசல் எஞ்சினை அந்த அம்பாசிடருக்குள் மாற்றிப் பூட்டியவர் ஸ்தனிஸ்லாஸ். முதலில் சிட்டாகப் பறந்த வண்டி, இப்போது ஏற்றம் வந்தால் கரும்புகை கக்கித் திணறியது.

“நாலு மாமியை ஏத்துனா பாலம் ஏற மாட்டேங்குதுண்ணே. உள்ள கோவிந்தா கோவிந்தாங்கிறாங்க. பக்தியா, பயமான்னு தெரியல.”

அவனையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து மேம்பாலம் வரை போனார். ஏற்றத்தில் மருதை ஆக்சிலேட்டரை அழுத்தினான்.

“கேக்குதாண்ணே? ஸ்ஸுன்னு ஒரு சத்தம்?”

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. “அது டர்போ சுத்துற சத்தம்ப்பா. அப்படித்தான் இருக்கும்,” என்றார்.

அந்தப் பதிலுக்குப் பிறகு, கசிகிறதா என்று பார்க்கக்கூட எஞ்சினின் காற்றுக் குழாய்ப் பக்கம் அவர் கை போகவில்லை. போனால், சொன்ன சொல்லைத் தானே சந்தேகித்ததாகிவிடும். டீசல் ஃபில்டரை மாற்றினார். டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி டெஸ்டுக்கு அனுப்பினார். பம்ப் டைமிங்கைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். வண்டி போவதும் வருவதுமாக இருந்தது. வரும்போதெல்லாம் மருதை அதே சத்தத்தைத்தான் சொன்னான். சொல்லும் குரல் மட்டும் ஒவ்வொரு முறையும் தாழ்ந்தது.

கடைசியில் ஒரு நாள், “எஞ்சினே சரியில்லபோலண்ணே. கழட்டிட்டுப் பழசையே மாட்டிடுங்க,” என்றான்.

நல்ல எஞ்சின். அது அவருக்குத் தெரியும். தனக்குக் கேட்கவில்லை என்று வாய் திறக்காததால் அது பழைய இரும்புக்குப் போகப் பார்க்கிறது. ஸ்தனிஸ்லாஸ் பக்கத்து டயர் கடை ஜமாலை டயருக்குக் காற்றடிக்கும் குழாயோடு வரச் சொன்னார். டர்போ காற்றை இழுக்கும் வாயை ஒரு மூடியால் இறுக அடைத்து, மூடியில் டியூப் வால்வைப் பொருத்தினார். குழாய்கள்மேல் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு, “ஏத்து,” என்றார்.

காற்று ஏறியதும் மருதையும் ஜமாலும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தைப் பார்த்துத் தலையைத் திருப்பினார்கள். அவர்கள் திரும்பியதைப் பார்த்துத்தான் அவரும் திரும்பினார். அங்கே கிளாம்புக்கு அடியில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

அந்த எஞ்சினுக்குச் சரியான வளைவில் ஹோஸ் கிடைக்காதபோது, மருதை தன் வயல் மோட்டாரிலிருந்து வெட்டிவந்த ரப்பர் ஹோஸை அவர்தான் பூட்டியிருந்தார். தண்ணீருக்கான ரப்பர் டர்போவின் சூட்டிலும் எண்ணெய்ப் பசையிலும் இளகி, அடியில் கிழிந்திருந்தது. எஞ்சினுக்குப் போக வேண்டிய காற்று பாதி வழியிலேயே வெளியேறியிருக்கிறது.

ஜமால் சிரித்தான். “ரெண்டு பேரும் சேந்து காருக்குத் தண்ணி பாய்ச்சிருக்கீங்க!”

சரியான ஹோஸை வரவழைத்துப் பூட்டிவிட்டு மறுபடி மேம்பாலத்துக்குப் போனார்கள். வண்டி முனகாமல் ஏறியது. மருதைக்கு வாயெல்லாம் பல்.

“அந்த ஸ்ஸு போயிடுச்சுண்ணே. இப்ப விசில் மாதிரி மெல்லிசா ஒண்ணு வருது. அது இருக்கலாமா? கேட்டுச் சொல்லுங்க.”

முன்பு சொன்ன பதிலையே சொல்லியிருக்கலாம். இந்த முறை அது உண்மையாகக்கூட இருந்திருக்கும்.

“எனக்குக் கேக்கலப்பா,” என்றார். “அன்னிக்கும் கேக்கல.”

“போங்கண்ணே, விளையாடாதீங்க,” என்று சிரித்த மருதை, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பட்டறையில் அவரை இறக்கிவிட்டான். கிளம்பும்போது, “போயிட்டு வரேண்ணே,” என்பதைத் தேவைக்கு மேல் உரக்கச் சொன்னான்.

பாலக்கரையில் ஒரு செய்தி பரவ நேரம் பிடிப்பதில்லை. இப்போது பட்டறைக்கு வருகிறவர்கள் அவரிடம் கத்திப் பேசுகிறார்கள். பேச்சு நன்றாகவே கேட்கிறது, கேட்காதது வேறு என்பதை யாருக்கும் விளங்கவைக்க அவரால் முடியவில்லை. டர்போ வண்டி வந்தால் ஜமாலைக் கூப்பிடுகிறார். ஜமால் பானெட்டுக்குள் தலையை நீட்டி, தன் கடைக்கு யாரும் வருகிறார்களா என்று ஒரு கண்ணை அந்தப் பக்கம் வைத்தபடி, “ஒண்ணும் இல்லண்ணே, சுத்தமா இருக்கு,” என்கிறான். அவன் கவனித்துக் கேட்டானா இல்லையா என்று அறிய வழியில்லை. ஸ்தனிஸ்லாஸ் தலையசைத்துவிட்டு, வண்டிக்காரரிடம் அதைத் தன் சொல்லாகச் சொல்கிறார்.