தையல்காரம்மாவின் குரல்

முந்திரிக்கொட்டை என்று தெரு அவருக்குப் பெயர் வைத்ததில் தப்பே இல்லை. எந்தப் புதுச் சரக்கு சந்தைக்கு வந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். வாங்குகிற கூட்டம் வந்து சேர்வதற்குள் கடையை மூடியும் விடுவார். தெருவில் ஒருத்தரிடமும் மின்னஞ்சல் முகவரி இல்லாத காலத்தில் இன்டர்நெட் மையம் திறந்தார். பின்னால் ஊரே வரிசையில் நின்றபோது அதே இடத்தில் வேறொருவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கல்யாணங்களைப் படம் பிடிக்க ட்ரோன் வாங்கினார். அது முதல் கல்யாணத்திலேயே மண்டபத்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. அப்புறம் முப்பரிமாணப் பிரிண்டர். அதில் ஒரு திரைச்சீலைக் கொக்கி உருவாகி வருவதற்குள் கடைவீதிக்குப் போய் ஒரு டஜன் கொக்கி வாங்கி வந்து மாட்டிவிடலாம்.

இதையெல்லாம் தோல்வி என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சந்தை இன்னும் தயாராகவில்லை என்பார், ஏதோ சந்தை குளிக்கப் போயிருப்பதுபோல. அது குளித்துவிட்டு வரும் வரைக்கும் வீட்டு அடுப்பு எரிந்தது மனைவியின் தையல் கடையால்தான்.

வீட்டின் முன்னறைதான் கடை. நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் அவருடைய 'ஆபீஸ்', அதாவது ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், முளைத்து வாடிய தொழில்களின் அட்டைப்பெட்டிகள். மனைவியைத் தெருவே தையல்காரம்மா என்றுதான் கூப்பிடும். அந்த அம்மாவின் குரலில் கொஞ்சம் கரகரப்பு உண்டு. கத்தாது, குழையாது. போனில் யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பதில் ஒன்றுதான்: "வியாழக்கிழமை வாங்க." வியாழக்கிழமை போனால் துணி தயாராகத் தொங்கும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதனால் அந்தக் குரலை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசிப் பார்த்தவர்கள் கடைசியில் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்கள்.

இந்த நேரத்தில்தான் முந்திரிக்கொட்டை ஒரு இலவசக் கருத்தரங்குக்குப் போனார். மதியச் சாப்பாடும் இலவசம். மேடையில் கோட் போட்ட ஒருவர், இனி எல்லாச் சிறு கடைகளிலும் செயற்கை நுண்ணறிவுதான் போனை எடுக்கப்போகிறது, குரல்தான் அடுத்த சந்தை என்று அடித்துப் பேசினார். சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் இவர் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார்.

மென்பொருளை மாதச் சந்தாவுக்கு எடுத்து, முதலில் தெருக்கோடி பிளம்பரின் போனில் பொருத்தினார். அதோடு வந்த குரல் தேன் ஒழுகப் பேசியது. அழைத்தவர்கள் எல்லாரும் யாரோ கடன் வாங்கச் சொல்லிப் பேசுகிறார்கள் என்று நினைத்து உடனே துண்டித்தார்கள். பிளம்பர் மெஷினைக் கழற்றச் சொல்லிவிட்டார். முந்திரிக்கொட்டை திரைக்குப் பின்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். திரைக்கு முன்னால் மனைவி யாரோ ஒரு சட்டைக்காரரிடம் போனில், போன வருஷ அளவு இந்த வருஷ வயிற்றுக்குச் சரிவராது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைக்காரர் ஒப்புக்கொண்டார். இவருக்குப் பொறி தட்டியது.

அன்றிலிருந்து திரையோரம் ஒரு சின்ன மைக் இருந்தது. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று அவராகவே முடிவு கட்டி, கேட்காமலே விட்டார். கடையில் மனைவி போனில் பேசிய பேச்சையெல்லாம் ஒரு மாதம் பிடித்து மெஷினுக்கு ஊட்டினார். அது குரலை மட்டுமா கற்றது? குணத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டது. மறுபடி பிளம்பரிடம் தொடங்கி, தெருவில் கடை கடையாக அதைப் பொருத்தினார்.

பிளம்பரை அழைத்துச் சமையலறையில் வெள்ளம் என்று அலறியவரிடம், முதலில் மெயின் வால்வை மூடுங்கள் என்றது. மூடிவிட்டீர்களா என்று அதட்டிக் கேட்டு, மூடியபின்தான் மேற்கொண்டு பேசியது. ஏசி மெக்கானிக்கிடம் விலை பேச அழைத்தவரிடம், வாங்கின நாளிலிருந்து ஒரு தடவையாவது தூசி தட்டினீர்களா என்றது. ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஒரே ஒரு சிக்கல். எல்லாக் கடைக்கும் அது வியாழக்கிழமை வரச் சொன்னது. மற்ற நாட்களில் தெரு ஈயடித்தது. வியாழக்கிழமை வண்டி நிறுத்த இடமில்லை. ஆனாலும் எல்லாக் கடையிலும் வியாபாரம் ஏறியது. முந்திரிக்கொட்டையின் வாழ்நாளில் முதல் தடவையாகச் சந்தை தயாராக இருந்தது. அவர் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

பிறகு அவர் வீட்டுக் குழாயே ஒழுக ஆரம்பித்தது. மனைவி இரண்டு கையிலும் துணியைப் பிடித்தபடி, போனை வெட்டு மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் பிளம்பரை அழைத்தார். திரைக்குப் பின்னால் முந்திரிக்கொட்டை நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்தாகிவிட்டது.

"எத்தனை நாளா ஒழுகுது?" என்றது மெஷின்.

ஒரு வாரமாக என்றார் தையல்காரம்மா.

"ஒரு வாரமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

வேலை அதிகம் என்று தையல்காரம்மா தயங்கித் தயங்கிச் சமாதானம் சொல்லத் தொடங்கினார். தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. பாதிப் பேச்சில்தான் அவருக்கு அது பிடிபட்டது.

"சரி, வியாழக்கிழமை பாக்கலாம்" என்றது மெஷின்.

தையல்காரம்மா போனை அணைத்தார். திரைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். எழுந்து வந்து சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. மறுபடி கத்தரிக்கோலை எடுத்துத் துணியை வெட்டினார்.

அதற்கப்புறம் கணவனிடம் பேச்சே இல்லை. முதலில் அவர் வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிறகு அது அமைதி இல்லை என்று புரிந்தது. சாப்பாடு மேசைக்கு வரும், ஆனால் குறைவாகச் சாப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. மனைவியின் முதுகைப் பார்த்து எத்தனையோ விதமாக மன்னிப்புக் கேட்டார். முதுகு அசையவில்லை. தெருவில் இறங்கினால் ஒவ்வொரு கடையிலிருந்தும் மனைவி பேசிக்கொண்டிருக்கிறார், யார் யாரையோ அதட்டுகிறார். வீட்டுக்குள் தையல் மெஷின் சத்தம் மட்டும்தான். ஊருக்கெல்லாம் அவளை விற்றுவிட்டு நான் வெறுங்கையோடு நிற்கிறேனே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் கிளம்பிப் போய்க் கடை கடையாக மெஷினை நிறுத்தினார். பிளம்பர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குரல் வந்தபிறகுதான் ஜனங்கள் தன்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள் என்று கெஞ்சினார். ஏசி மெக்கானிக் சந்தாவை இரட்டிப்பாகத் தருவதாகச் சொன்னார். முந்திரிக்கொட்டை எதற்கும் மசியவில்லை. குளித்துத் தலைசீவி வந்து நின்ற சந்தையை அப்படியே விட்டுவிட்டு வீடு திரும்பினார்.

திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, எல்லாம் நின்றுவிட்டதா என்று ஒவ்வொரு எண்ணாக அழைத்துப் பார்த்தார். எங்கும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில், ஏனென்று தெரியாமலே, வீட்டுத் தையல் கடையின் எண்ணை அழுத்தினார். உடனே எடுக்கப்பட்டது.

"தையல் கடை."

எதையோ நிறுத்த மறந்துவிட்டோம் என்று பதறிப்போனார். மெஷினைச் சோதிக்க எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"பேசுறது மெஷினா, மனுஷியா?"

பதில் போனிலும் வந்தது, திரைக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்தது.

"மெஷினை நிறுத்திட்டதா நீங்க வர்றதுக்கு முன்னாடியே பிளம்பர் வந்து அழுதுட்டுப் போனாரு. மனுஷிதான் பேசுறேன்."

முந்திரிக்கொட்டை திரைப் பக்கம் திரும்பினார். திரையை விலக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றார் தையல்காரம்மா. "இத்தனை தொழிலுக்கு என் பணத்தைக் கேட்டு வாங்கினீங்க. குரலை மட்டும் ஏன் கேக்கல?"

எதற்கும் முந்திக்கொண்டு ஓடுகிற மனுஷன், முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில் கேட்டார்.

"உன் குரலைத் தர்றியாம்மா?"

அந்தப் பக்கம் கத்தரிக்கோலை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"வியாழக்கிழமை வாங்க, சொல்றேன்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. முந்திரிக்கொட்டை சரிங்க என்று சொல்லி, நன்றியும் சொல்லி, போனை வைத்துவிட்டுக் காத்திருக்கத் தொடங்கினார்.