சபாபதியின் ஒற்றைக் கேள்வி

சபாபதிக்கு, கேட்டது கைக்கு வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்க வாய் வரும். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் தோசை வந்த பின்தான் தே தாரிக் என்ற நுரைத் தேநீரைச் சொல்வார். கடைசிக் காலத்தில் மருத்துவமனையிலும், தண்ணீரைக் குடித்து முடித்த பிறகே தலையணையை உயர்த்தச் சொன்னார்.

1998இல் கிள்ளானில் ஒரு ஸ்கேனர் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஸ்கேனரிலிருந்து கணினிக்குப் படத்தைக் கொண்டுவரும் ‘டிரைவர்’ என்ற மென்பொருளை எழுதியவர் அவர்தான். யூ.எஸ்.பி. கம்பி அப்போது புதிது. ஸ்கேன் செய்த ஒரு பக்கம் கணினிக்கு வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. கூட்டத்தில் சபாபதி, ஸ்கேனருக்குள் இருக்கும் சர்க்கிட் பலகைதான் காரணம் என்றார், அப்படித்தான் நம்பினார். பலகைகளைச் சோதித்து அனுப்பியது இராஜம்மாவின் பிரிவு. அதிலுள்ள பதினொரு பெண்களையும் வெள்ளிக்கிழமையோடு நிறுத்துவதென்று மேனேஜர் ராதாகிருஷ்ணன் முடிவெடுத்தார்.

புதன்கிழமை கேண்டீனில் சபாபதி சோறு வாங்கி வந்து வைத்தார். மறுபடி வரிசையில் நின்று மீன் குழம்பு வாங்கி வந்தார். பிறகு தண்ணீருக்கு எழுந்தார்.

எதிரே இருந்த இராஜம்மா கேட்டார்: “என்னா பாஸ், எல்லாத்தையும் ஒரே தடவையில கேக்க மாட்டீங்களா?”

“பழகிப்போச்சு லா, அக்கா.”

“கடைக்காரன் எல்லாம் ரெடியாத்தான் வச்சிருக்கான். நீங்க கேக்கல. கடைசியில சாப்பாடு லேட்டுன்னு எங்க பலகையைத்தான் சொல்லுவீங்க.”

சபாபதி காலிக் குவளையோடு நின்றார். அவருடைய டிரைவரும் ஒரு சிறு பொட்டலம் தரவைக் கேட்கும். அது வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும். ஒரே தவணையில் பத்துப் பொட்டலங்களுக்கு மேல் கொண்டுவரக் கம்பியில் இடமிருந்தது. பலகையும் தயாராகத்தான் இருந்தது.

அன்றே மாற்றத் தொடங்கினார். பெரிய துண்டாகக் கேட்கவைத்தார். அது வந்துகொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வியையும் வரிசையில் போட்டுவைத்தார். முதலில் துண்டுகள் இடம் மாறி, படம் கலைந்து வந்தது. வியாழன் மாலை, அதே பலகையில், பக்கம் பதினெட்டு வினாடியில் முழுதாக வந்தது.

டிரைவரை மேம்படுத்திவிட்டேன் என்று மட்டும் சொன்னால் பாராட்டுவார்கள். பலகைமேல் விழுந்த பழி அப்படியே கிடக்கும்.

“சார், தப்பு என் டிரைவர்ல. பலகையில ஒண்ணும் இல்ல. அவங்களை நிறுத்தாதீங்க.” வெள்ளிக்கிழமை காலை ராதாகிருஷ்ணனிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

“பலகைன்னு சொன்னது யாரு?”

“நான்தான்.”

அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை பதினொரு பேரும் வேலைக்கு வந்தார்கள். மதியம் சபாபதி சோற்றுத் தட்டோடு திரும்பியபோது, குழம்பும் தண்ணீரும் மேசையில் இருந்தன. இராஜம்மா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.