பாதிக் கட்டில்

கண்டி ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் தெல்தோட்டைப் பெண் ஒருத்தி இருந்தாள். புற்றுநோய் மருந்து ஏற்றினால் பிள்ளை பிறக்காமல் போகலாம், அதற்கு முன்னால் புருஷன் வந்தால் கருவை உண்டாக்கிக் கொழும்பில் உறையவைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனையோ பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவன் வந்தால் உட்காரவென்று கட்டிலில் பாதியைக் காலியாகவே வைத்திருப்பாள்.

"முட்டைய ஐஸ்ல வச்சா குஞ்சு பொரிக்குமாடி?" என்று சீண்டினேன்.

"பொரிக்குமாம் பாட்டி. சேவலத்தான் பொலிஸ் புடிச்சிருச்சே" என்று சிரித்தாள்.

இனியும் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்று ஒரு காலையில் மருந்தை ஏற்றிவிட்டார்கள்.

"இனியாவது நல்லா நீட்டிப் படுடி" என்றேன்.

"அவரு வந்தா எங்க பாட்டி உக்காருவாரு?" என்றாள்.

பக்கத்தில் உட்காரக் கதிரை இருந்தது. ஊரையே கேலி செய்யும் என் வாய்க்கு அதைச் சொல்ல வரவில்லை.