நோலியாவின் துப்பாக்கியில் ஏறிய துரு

நோலியா ட்ரஹானின் கை பட்ட இரும்பு எதுவும் உருப்பட்டதில்லை. லூசியானாக் கடலோரத்தில் தூண்டில் இரை விற்கும் கடை வைத்திருப்பவளுக்கு வேறெப்படி இருக்கும்? பொழுது விடிந்ததிலிருந்து உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டு உயிர் இறாலை அள்ளிக்கொண்டே இருப்பாள். சாவிக்கொத்து, கத்தரிக்கோல், கல்லாப்பெட்டிப் பூட்டு எல்லாமே செங்கல் நிறம். அந்தக் கைக்கு ஒரு துப்பாக்கி வாய்த்தால் அது என்ன பாடுபடும்!

அந்த ரிவால்வர் அவள் புருஷன் க்ளோவிஸுடையது. பழைய காலத்து வேலைப்பாடு, எஃகின் மேல் கருநீல மெருகு. பார்க்க அழகுதான். ஆனால் அந்த நீலம் பெயின்ட் மாதிரி இரும்பை மூடி நிற்காது. மேலே எண்ணெய் இல்லாவிட்டால் வியர்வை நேராக உள்ளே இறங்கித் தின்ன ஆரம்பித்துவிடும். க்ளோவிஸ் இருந்தவரை அது அலமாரியில் கிடந்தது. செத்த பிறகும் அங்கேயே கிடந்தது. மகள் ஜனெல் வீங்கின முகமும் கைக்குழந்தையுமாக வந்து கடை மாடியில் ஏறிக்கொண்ட அன்றுதான் நோலியா அதை எடுத்து இடுப்பில் செருகினாள்.

முகத்தை அப்படி ஆக்கினவன் மருமகன் ட்ராய். கிட்டே வரக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. உத்தரவு எழுதினவர்கள் கடை வாசலில் வந்தா நிற்கப் போகிறார்கள்? போன் செய்தால் ஷெரிப் ஆபீஸ் போலீஸ் கார் எங்கள் ஊருக்கு வந்து சேர முக்கால் மணி நேரமாகும். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் அவன் ஜனெலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், இந்தத் தடவை போனால் உயிரோடு திரும்ப மாட்டாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்குத்தான் துப்பாக்கி.

என் வீட்டுக்காரர் ஆல்சீட் துப்பாக்கி பழுது பார்க்கிறவர். கோடை தொடக்கத்தில் நோலியா அவரிடம் வந்து நின்றாள். தோட்டா உருளை மேல் தேமல் மாதிரி பழுப்புப் புள்ளிகள்.

"நேத்துதாண்ணே துடைச்சேன். காலைல பாத்தா இப்படி."

"தோல் உறையிலயே போட்டு வெச்சியா?"

"பின்னே எதுல வெப்பாங்க?"

"அந்த உறை உன் வேர்வையப் பூரா குடிச்சு வெச்சிருக்கு. ஈரத் துணியில சுத்தி வெக்கிறதும் அதுவும் ஒண்ணுதான். வேலை முடிஞ்சதும் வெளிய எடு. தோட்டாவக் கழட்டிட்டுத் துடை. ரெண்டு சொட்டு எண்ணெய் தடவு. தடவினதே தெரியக் கூடாது."

"வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால ஒரு தேய் தேய்ச்சா?"

"துருவும் போகும், நீலமும் போகும், அப்புறம் இன்னும் வேகமா பிடிக்கும். தொடாதே."

பஞ்சு மாதிரி மெல்லிய கம்பி நாரை எண்ணெயில் நனைத்து, குழந்தை முகம் துடைக்கிற மாதிரி அவரே தேய்த்துக் கொடுத்தார். துருப்பிடிக்காத எஃகில் வேறொன்று தருகிறேன் என்றும் சொன்னார். இதுதான் கைக்குப் பழக்கம் என்றுவிட்டாள் நோலியா.

"க்ளோவிஸ் எப்படித்தான் உன்கூட இருந்து துருப்பிடிக்காமப் போனாரோ" என்றேன் நான்.

"பிடிச்சுதாண்டி போனாரு" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் கடைசி.

ஆகஸ்டில் ட்ராயின் வண்டி கடை முன்னால் மெல்ல ஊர்ந்து போக ஆரம்பித்தது. நிற்காது, போகும், திரும்பி வரும். நோலியாவுக்குத் தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. துப்பாக்கியிலிருந்து தோட்டாவைக் கழற்றுவதையும் நிறுத்திவிட்டாள்.

"கழட்டின நேரம் பாத்து அவன் உள்ள வந்துட்டா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள்.

எங்கள் கடலோரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான். படகு மோட்டார், கதவுக் கீல், டிரெய்லர் போல்ட், எது இறுகினாலும் டப்பாவை எடுத்து எண்ணெயைப் பீய்ச்சுவோம். இண்டு இடுக்கெல்லாம் புகுந்துவிடும் என்பதுதான் அந்த எண்ணெயின் பெருமையே. நோலியா காலையும் மாலையும் தோட்டா போட்ட துப்பாக்கி மேல் அதைச் சொட்டச் சொட்டப் பீய்ச்சினாள். துரு வரவேயில்லை. கால்சட்டை இடுப்பெல்லாம் எண்ணெய்க் கறையோடு வந்து எனக்குக் காட்டினாள்.

"பாரு ஒர்லீன், கண்ணாடி மாதிரி இருக்கு."

இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

படகெல்லாம் கடலுக்குப் போய்க் கடை காலியாக இருந்த ஒரு மத்தியானம் அவன் உள்ளே வந்தான். கதவை அவனே சாத்தினான். நோலியா துப்பாக்கியை உருவி அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

"ஒரு அடி எடுத்து வெச்ச, சுட்டுருவேன்."

அவன் எடுத்து வைத்தான். அவள் அழுத்தினாள். டிக் என்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி டிக். அவள் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

ட்ராய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "காபி இருக்கா அத்தே?" என்றான்.

அதற்குள் ஜனெல் குழந்தையோடு மாடிப்படியில் வந்து நின்றிருந்தாள். அந்த இரண்டு சத்தமும் அவள் காதில் விழுந்திருக்கிறது. "அம்மாவ ஒண்ணும் பண்ணாத. நானே வர்றேன்" என்றாள். நோலியா மகளின் காலைக் கட்டிக்கொண்டு கதறியிருக்கிறாள். ஜனெல் குனிந்து அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக் குழந்தையோடு அவன் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

ஷெரிப் ஆட்கள் ஆற அமர வந்தார்கள். பெண் மேஜர், தானாக நடந்து போயிருக்கிறாள், தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

அவர்கள் போன பிறகு நோலியா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆல்சீட் உருளையைத் திறந்தார். எண்ணெய் வழிந்தது. முகம் சுருங்கிப் போயிற்று.

"தோட்டாவோட அடியில, ஊசி குத்துற இடத்துல ஒரு பொட்டு மருந்து இருக்கும். அதுதான் முதல்ல பத்திக்கணும். எண்ணெய் கசிஞ்சு அதைக் கொன்னுடுச்சும்மா."

நிச்சயப்படுத்திக்கொள்ள, அவள் அழுத்தின அதே வரிசையில் முதல் தோட்டாவிலிருந்து ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்க்கக் கொல்லைப் பக்கம் எடுத்துப் போனார். நோலியா சமையலறை மேஜையில் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் ஊற்றிக் கொடுத்த காபியைத் தொடவில்லை. வெளியே ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் செத்த தோட்டாதான் போலிருக்கிறது என்று நான் நினைத்தபோது வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஆல்சீட் உள்ளே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனாவதுண்ணே?"

"அத விடு நோலியா."

"எத்தனாவது?"

அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. "மூணாவது" என்றார்.

நோலியா தன் வலது கையை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் ரெண்டோட விட்டுட்டேனே, ஒர்லீன்" என்றாள்.