நாபாஸ் ஆன வண்டியில் எஸ்தர் அத்தை

என் அத்தை எஸ்தர் அவர்களைக் கொன்றவர் பள்ளிப் பேருந்து முதலாளி ஞானதுரை. காவல் நிலையத்தில் விபத்து என்று எழுதியிருக்கிறார்கள். சபையில் தேவசித்தம் என்று ஜெபித்தார்கள். இரண்டும் பொய்.

செய்தி எனக்குப் போனில் வந்தது. பம்பாய் சயானில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் மதியக் கூட்டம். அத்தை போகும் பேருந்தின் டிரைவர் முருகேசன் அண்ணன் பேசினார். "எல, மிதிச்சேம்ல. நல்லா அமுக்கி மிதிச்சேன். நிக்கலல. அக்கா பின்னால நின்னாவ..." அதற்கு மேல் அழுகைதான். யாருக்கோ எடுத்த மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடியே ரோட்டுக்கு ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நினைவு மலருக்கு அத்தையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி எங்கள் ஊர்ச் சங்கத்தார் கேட்டார்கள். எழுதுகிறேன். நல்ல வார்த்தைகள் அத்தைக்கு. மற்றவை யாருக்கென்று படிக்கிறவர்களுக்கே தெரியும்.

அத்தை திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து, நம் ஆட்கள் குடியிருக்கும் சீத்தா கேம்புக்கு வந்தவர். மாமா வெல்டர். நெஞ்சில் புகை அடைத்து மாமா இறந்த பிறகு, செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பேருந்து விடும் ஞானதுரையிடம் அத்தை உதவியாளராகச் சேர்ந்தார். பள்ளிப் பேருந்தில் ஒரு பெண் இருந்தாக வேண்டும் என்பது விதி. விதிக்காக வைத்த ஆள் அத்தை. ஆனால் அந்த வண்டியில் ஏறிய எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும், எது தூங்கியபடியே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போகும், எது அடுத்த பிள்ளையின் டிபனைத் தின்னும் என்பதெல்லாம் பெற்றவர்களைவிட அத்தைக்குத்தான் நன்றாகத் தெரியும். அத்தை பேசிய இந்தியில் பாதி திருநெல்வேலி. "ஏ பாபு, கிட்கி கே பாஹர் கைய நீட்டுன, ஒடிச்சு தேகா!" என்பார், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுகிற பிள்ளையிடம். மராத்திப் பிள்ளைகளும் குஜராத்திப் பிள்ளைகளும் அந்த இந்தியிலேயே அவருக்குப் பதில் சொல்லும்.

அத்தை சாந்தமானவர் என்று அடக்கத்தின்போது பாஸ்டர் பேசினார். அத்தையே கேட்டிருந்தால் சிரித்திருப்பார். திலக் நகரில் ஒரு தகப்பன் காரில் இருந்தபடி ஆரன் அடித்து, "ஏ பாய்" என்று வீட்டு வேலைக்காரியை அழைப்பதுபோல அத்தையை அழைத்தான். அத்தை அதை மறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஆள் பிள்ளையைக் கூப்பிட வரும்போதெல்லாம், வாயைத் திறந்து "நமஸ்தே மௌசி", வணக்கம் சித்தி, என்று சொல்லும்வரை பேருந்தின் கதவு திறக்காது. உள்ளே அந்தப் பிள்ளை மட்டும் அத்தையின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும். "அப்பன் மேல உள்ள கோவத்தப் பிள்ளகிட்ட காட்டுனா நான் மனுஷியால?" என்று என்னிடம் கேட்டார். பாஸ்டர் அவரைக் கூப்பிட்டு மன்னிப்பைப் பற்றிப் பேசியபோது அத்தை சொன்ன பதில் சபையில் பலருக்கும் தெரியும். "மன்னிக்கது கர்த்தரோட டூட்டி ஐயரே. எனக்கு பஸ் டூட்டியே சரியா இருக்கு."

அந்த அத்தையைப் பற்றி எழுதும்போது மன்னிப்பு என்ற சொல்லை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

இனி வண்டிக்கு வருகிறேன். பள்ளிப் பேருந்துகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. மைதானத்துக்குப் போய், ஓட்டத் தகுதியானவை என்று சான்றிதழ் வாங்கி வர வேண்டும். பம்பாயில் இதற்குப் பாசிங் என்று பேர். தேறாவிட்டால் நாபாஸ். ஞானதுரையின் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு செட் நல்ல டயர் எப்போதும் இருக்கும். அவருடைய எல்லாப் பேருந்துகளுக்கும் அந்த ஒரு செட்தான். எந்த வண்டிக்குப் பாசிங்கோ அதற்கு அன்று காலை மாட்டுவார்கள், திரும்பி வந்ததும் கழற்றிவிட்டுப் பழைய மொட்டை டயரைப் போடுவார்கள். ஷெட்டில் இருக்கும் ஒருவருக்கும் இது தப்பாகத் தோன்றவில்லை. டயர் மாட்டும் நாளில் டீயும் வடாபாவும் முதலாளி செலவு. "பொண்ணு பாக்க வாராவன்னா பக்கத்து வீட்டு நகைய வாங்கிப் போடுத மாதிரி" என்பார் அத்தை. எல்லாரும் சிரிப்பார்கள்.

இந்தத் தடவை அத்தையின் பேருந்துக்குப் பாசிங் வந்தது. இரவல் டயரை மாட்டிக்கொண்டு போனார்கள். பிரேக்கை யாரிடம் இரவல் வாங்குவது? வண்டி நாபாஸ் ஆனது. பிரேக்கைச் சரிசெய்து மறுபடி காட்டும்வரை இதைப் பட்டறைக்குத் தவிர எங்கும் எடுக்கக்கூடாது என்று ஆய்வாளர் முருகேசன் அண்ணனிடம் சொல்லித்தான் அனுப்பினார். வண்டி ஷெட்டுக்கு வந்தது. வந்த உடனே நல்ல டயர்களைக் கழற்றி அடுத்த வண்டிக்கு வைத்தார்கள். அதாவது, ஓடத் தகுதியில்லை என்று ஆய்வாளர் சொன்னபோது இருந்ததைவிட மோசமான நிலையில், மறுநாள் காலை அது பிள்ளைகளை ஏற்றப் போனது.

வண்டி நாபாஸ் ஆகி வந்த அன்று சாயங்காலம் அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க நான் ஷெட்டுக்குப் போயிருந்தேன். இனி எழுதுவது என் காதால் கேட்டது.

"அண்ணாச்சி, வண்டி நாபாஸ் ஆயிட்டுல்லா? பொறவு எப்படி எடுக்கச் சொல்லுதிய?" என்று அத்தை கேட்டார்.

ஞானதுரை நாற்காலியை விட்டு எழவில்லை. "எஸ்தரு, டென்ஷன் ஆவாத. பழைய சர்டிபிகேட்ல இன்னும் தேதி கெடக்கு. அதுவரைக்கும் ஓட்டலாம். சட்டம் எனக்குத் தெரியாதா?"

"தேதி காயிதத்துக்கு அண்ணாச்சி. பிரேக்குக்கு யாரு தேதி போட்டா?"

"பள்ளிக்கூடம் லீவு விடட்டும், கேரேஜ்ல போடுவோம். இப்ப வண்டிய நிப்பாட்டுனா காண்டிராக்டு போயிரும். அதுக்கப்புறம் ஒனக்கு டூட்டி யாரு குடுப்பா?"

"ஒம்ம பேத்தி இந்த வண்டிலயா போறா? கார்லல்லா போறா."

ஷெட்டில் யாரோ சிரித்தார்கள். ஞானதுரை சிரிக்கவில்லை. "ஊர்க்காரின்னு பாக்கேன். வாய அடக்கிட்டு இரி" என்றார்.

அத்தை வாயை அடக்கவில்லை. மறுநாள் திலக் நகரில் இரண்டு தாய்மார்களிடம், இந்த வண்டியில் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று நேராகவே சொன்னார். அவர்கள் அதைப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். குழுவிலிருந்து ஞானதுரைக்குப் போயிற்று. எல்லாப் பேப்பரும் சரியாக இருக்கிறது என்று அவர் பழைய சான்றிதழைப் படமெடுத்து அனுப்பினார். அதற்குக் குழுவில் வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் விழுந்தன. பிள்ளைகள் மறுபடி ஏறின. படித்த குடும்பங்கள். வாரத்துக்கு ஒருமுறை தங்கள் காரைக் கழுவிப் பார்க்கிற ஆட்கள். பேருந்தின் சக்கரத்தைக் குனிந்து பார்க்க ஒருவருக்கும் முதுகு வளையவில்லை.

"நீங்க வேலைய விட்டுருங்க அத்த" என்று நான் சொன்னேன்.

"நான் எறங்கிட்டா பிள்ளைய எறங்கிருமால? எவளாவது ஒருத்திய ஏத்துவான். அவளுக்கு எந்தப் பிள்ள எங்க எறங்கும்னு தெரியுமா? ஏ போல, சோலியப் பாரு."

அந்த வாரம் முழுக்க அத்தை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டே போனதாக முருகேசன் அண்ணன் சொல்கிறார். "மெள்ளப் போ முருகேசா, ரிக்‌ஷாக்காரன் முந்துனா முந்தட்டும், ஒனக்கென்ன மெடலா குடுக்கான்" என்று சொல்லிக்கொண்டே வருவாராம்.

கடைசிப் பிள்ளையைத் திலக் நகரில் இறக்கிவிட்டார்கள். சந்தின் முனையைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் வண்டி பின்னாலேயே வர வேண்டியிருந்தது. அத்தை வழக்கம்போல இறங்கிப் பின்னால் போய், பேருந்தின் தகரத்தில் உள்ளங்கையால் தட்டி வழி காட்டினார். இரண்டு தட்டு என்றால் வரலாம், ஒரு தட்டு என்றால் நில். அது சரிவான சந்து. அத்தை ஒரு தட்டுத் தட்டினார். முருகேசன் அண்ணன் மிதித்தார். வண்டி நிற்கவில்லை. பின்னால் சுவர் இருந்தது.

முருகேசன் அண்ணன் இப்போது உள்ளே இருக்கிறார். அஜாக்கிரதையாக ஓட்டினாராம். ஞானதுரை வெளியே இருக்கிறார். பேருந்தைப் பட்டறைக்குக் கொண்டுபோகும் வழியில் இது நடந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பட்டறைக்குத்தான் போனது என்றால் அவர்மேல் குற்றமே இல்லை. சட்டம் தெரிந்த மனிதர் அல்லவா. பட்டறைக்குப் போகும் வண்டியில் ஏன் பிள்ளைகள் இருந்தார்கள் என்று காவல் நிலையத்தில் கேட்டேன். பிள்ளைகளா, எந்தப் பிள்ளைகள் என்றார்கள். கடைசியாக இறங்கிய பிள்ளையின் அம்மா பால்கனியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர். அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "அண்ணா, எங்களுக்கு எதற்கு இந்த லஃப்டா, இந்த வம்பு, அதே ஸ்கூலில்தானே குழந்தை படிக்க வேண்டும்" என்றார். அந்தக் குழந்தையைத் தினமும் கைபிடித்து இறக்கிவிட்டவர் அத்தை.

அடக்கத்தன்று சீத்தா கேம்பில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அத்தையின் படம் ஒரு மூலையில் இருந்தது. கைகூப்பிய ஞானதுரையின் படம் அதைவிடப் பெரியது. நான் ஏறிக் கிழித்தேன். எல்லாருக்கும் முன்னால்தான் கிழித்தேன். சிலர் திட்டினார்கள். பெரிய மனுஷன், சவப்பெட்டியே அவர் வாங்கித் தந்தது என்றார்கள். கொன்றவரே பெட்டியும் வாங்கித் தந்தால் கணக்கு நேராகிவிடுமா?

எனக்கு அவர் அழுவதைப் பார்க்க ஆசையில்லை. அவருடைய எல்லாப் பேருந்துகளும் துருப்பிடித்து நிற்பதைப் பார்க்க ஆசை. முருகேசன் அண்ணன் இருக்கும் அறையில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஆசை. அவர் பேத்தி ஒருநாள், தாத்தா எதற்காக ஜெயிலுக்குப் போனார் என்று கேட்க வேண்டும், வீட்டில் யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

அத்தை, போய் வாருங்கள். உங்களை நல்லவர் என்று எல்லாரும் எழுதுவார்கள். நீங்கள் சொன்னது சரி என்று நான் எழுதுகிறேன்.

அடக்கத்தன்று கல்லறையில் ஒவ்வொருவராக மண் போட்டார்கள். ஞானதுரை வெள்ளைச் சட்டையில் வந்து குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். நான் குழிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"அண்ணாச்சி, மண்ணப் போடுததுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. நாபாஸ் ஆன வண்டிய ஓட்டச் சொன்னது யாரு?"

பாஸ்டர் என் தோளைப் பிடித்தார். பெண்கள் பாட்டைச் சத்தமாக எடுத்தார்கள். ஞானதுரை மண்ணைப் போட்டுவிட்டுக் கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"இவ்வளவு சனம் நிக்கி. ஒரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி. ஓட்டச் சொன்னது யாரு?"