முன்பக்கம் இல்லாத மண்டபம்

தில்லி சரோஜினி நகர்த் தமிழர்களிடம் எண்பதாம் ஆண்டு வாக்கில் அம்சவேணியைப் பற்றிக் கேட்டிருந்தால், பிடிவாதக்காரி என்றுதான் முதலில் சொல்லியிருப்பார்கள். அவள் ஆர்க்கிடெக்ட் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். அரசாங்க வேலையில் ஒன்றைப் போலவே இன்னொன்றாகக் குவார்ட்டர்ஸ்களை வரைந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

பங்குனி வந்தால் காலனித் தமிழ்ப் பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். இருட்டில்தானே வளர வேண்டும்? ஸ்டோர் ரூமில், டிரங்குப் பெட்டிகளுக்குப் பின்னால், பயறு வெளிறிய தளிராக நீண்டு நிற்கும். அதைப் பார்க்கில் நடுவே வைத்து, சுற்றி வந்து கும்மி கொட்டுவார்கள். பஞ்சாபிக்காரர்கள் பால்கனியில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அப்படி ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்ததைத் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் வெங்கடராமன் ஒரு வருடம் வாடகை அரங்கத்துக்குக் கொண்டுபோனார். அங்கே மேடை, திரை, எதிரே சோபாவில் சீஃப் கெஸ்ட்.

"சீஃப் கெஸ்டுக்கு முதுகைக் காட்டப்படாது. எல்லாரும் வரிசையா நின்னு ஆடுங்கோ" என்றார்.

வரிசையில் நின்றவளுக்குப் பக்கத்துக்காரியின் கை எப்படித் தெரியும்? கைத்தாளம் ஆளுக்கொரு பக்கம் போனது. முளைப்பாரியோ மைக்குக்குப் பின்னால் மூலையில் கிடந்தது. அந்த வரிசையில் அம்சவேணியும் இருந்தாள். எல்லோரும் மரியாதைக்குக் கைதட்டியபோது அவளுக்கு அவமானமாக இருந்தது.

பிறகு சங்கத்துக்குச் சொந்த இடம் கிடைத்தது. மண்டபம் வரைய அம்சவேணியை விட்டால் ஆளில்லை. அவள் வரைந்து கொண்டுவந்ததில் மேடையே இல்லை. நடுவில் பள்ளமாக ஒரு வட்டத் தளம், மத்தியில் முளைப்பாரிக்குச் சிறு பீடம், சுற்றிலும் படிகள். வெங்கடராமன் காகிதத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல முன்பக்கம் எதும்மா? சீஃப் கெஸ்டை எங்கே உட்கார வைக்கறது?"

"கும்மிக்கு முன்பக்கம்னு ஒன்னு இல்ல சார். எங்கிட்டு உக்காந்தாலும் முன்வரிசைதான்."

"அடியில இருக்கற படி மட்டும் ஏன் இத்தனை அகலம்? ரெண்டு வரிசை நாற்காலி போடலாமே."

"வட்டம் பெருகும் சார். பாத்துக்கிட்டிருக்கவுக எந்திரிச்சு வருவாக. அவுகளுக்கு இடம் வேணும்ல?"

"யார் வருவா? இங்கே எல்லாரும் ஆபீசர் ஆத்துப் பொம்மனாட்டிகள்."

"அப்ப வேற ஆள வச்சு வரஞ்சுக்கங்க" என்று காகிதத்தைச் சுருட்டினாள்.

வேறு ஆள் எங்கே இருக்கிறது? வெங்கடராமன் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. முதல் பங்குனி விழா சரிப்படாவிட்டால் பள்ளத்தை மூடி மேடை போட்டுவிடுவார்கள். கமிட்டி தலையாட்டியது.

கொத்தனார்கள்கூட, "மேடம்ஜி, ஸ்டேஜ் எங்கே?" என்று கேட்டுக்கொண்டேதான் கட்டினார்கள்.

விழா நாளும் வந்தது. வெங்கடராமன் விடவில்லை, அந்த அகலப் படியிலேயே சோபாவைப் போட்டு, டர்க்கி டவல் விரித்து, சீஃப் கெஸ்டை உட்கார வைத்திருந்தார். கோவிந்தம்மாள் பாட்டெடுத்தாள். சோப்பு விற்கும் கடைக்காரரின் மனைவி அவள், குரல் கணீரென்று இருக்கும். பெண்கள் குனிந்து நிமிர்ந்து தட்ட, தாளம் ஒன்றாக விழுந்தது. வட்டச் சுவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அம்சவேணிக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் படியிலிருந்து யாரும் இறங்கவில்லை. பட்டுப்புடவைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. மேடை வரத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது ஒருத்தி எழுந்தாள். கைப்பையைப் பக்கத்து மாமியிடம் கொடுத்துவிட்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். வெங்கடராமனின் மனைவி ராஜலக்ஷ்மி.

அவ்வளவுதான். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து நாலு பேர். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். வட்டம் விரிந்து விரிந்து தளம் போதாமல் அகலப் படியில் ஏறியது. ராஜலக்ஷ்மி சோபாவுக்கு ஒரு முழம் முன்னால் நின்று, சீஃப் கெஸ்டுக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு குனிந்து கும்மி கொட்டினாள்.

வெங்கடராமனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சீஃப் கெஸ்ட் நல்ல மனிதர், தஞ்சாவூர்க்காரர். தானே எழுந்து சோபாவின் ஒரு பக்கத்தைப் பிடித்து, "அந்தப் பக்கம் பிடியுங்க சார்" என்றார். இரண்டு பேருமாக அதை மேல் படிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அம்சவேணி சுவரோரம் நின்று பார்த்தாள். எத்தனையோ குவார்ட்டர்ஸ் வரைந்திருக்கிறாள். ஒன்றின் முன்னாலும் இப்படி நெஞ்சு நிமிர்ந்து நின்றதில்லை. இது நான் கட்டியது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். கும்மிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வெங்கடராமன் மூச்சு வாங்க அவளிடம் வந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். வட்டத்தில் இடமில்லாமல் இன்னும் சில பெண்கள் காத்து நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் படியை இன்னும் கொஞ்சம் அகலமாப் போட்டிருக்கப்படாதோ?"