அரசாங்கத்துச் சிரட்டை

வத்தேகம வீதியில் ஒரு பஸ் தரிப்பிடம். கொரோனா காலத்தில் மக்களைக் காக்க அரசு வைத்த கை கழுவும் தொட்டி இன்னும் அசையாமல் நிற்கிறது. குழாயில் தண்ணீர் இல்லை. ஆனால் அடைத்துப்போன தொட்டியில் மழைநீர் நிறைந்து, நுளம்புப் புழுக்கள் துள்ளுகின்றன. அதன் நெற்றியிலேயே புத்தம்புதிய டெங்கு எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள்.

பக்கத்தில் நிற்கும் தேயிலைத் தோட்டத்து அக்கா, டெங்குக் காய்ச்சலோடு கண்டி ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளுக்குக் கஞ்சி கொண்டுபோகிறார்.

"அடைப்ப எடுத்து இந்தத் தண்ணிய எறக்கிவிடலாமே அக்கா?" என்கிறேன்.

அவர் என் கையைப் பிடித்து இழுக்கிறார்.

"சும்மா இருங்க தம்பி! லயத்து வீட்டு வாசல்ல ஒரு தேங்காச் சிரட்டைய கவுத்து வைக்கலேன்னு எங்க மேல கேஸ் போட்டாங்க. இது அரசாங்கத்துச் சிரட்டை. இத கவுத்தாத்தான் கேஸ்."